கரிசல் வகுப்பறையும் எண்ணிமக் கதைசொல்லலும்: அச்சங்குளத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வலையொலி (பாட்காஸ்ட்), எண்ணிமக் கதைசொல்லல் ஆகியவற்றை மொழி வகுப்பறையில் பயன்படுத்துவது மாணவர்க்குக் குரல் அளிக்கும் என்பது கல்வியியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. விருதுநகர் மாவட்டப் பட்டாசு வட்டாரத்தின் சூழலில் வைத்து இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தன்மைக் கூற்றை அடிப்படையாகக் கொண்ட மேலைநாட்டு முன்மாதிரி, பெயர் சுட்டாத தமிழ்க் கதைமரபோடு எங்கு முரண்படுகிறது என்பதும், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளையின் குரலைப் பதிவு செய்வதில் உள்ள சட்ட, அற நெறிச் சிக்கல்களும் விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வலையொலி, எண்ணிமக் கதைசொல்லல், கரிசல் வழக்கு, பட்டாசுத் தொழில், கேட்டல், இசைவு.

முன்னுரை

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொரோனா முடக்கத்துக்குப் பின் தமிழகப் பள்ளிகளில் 10, 12ஆம் வகுப்புகள் அவ்வாண்டு ஜனவரி 19 அன்றும், 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் தொடங்கியிருந்தன. எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு வகுப்பறை அப்போதும் மூடியே இருந்தது. அவர்களுக்குப் பாடம் என்பது கல்வித் தொலைக்காட்சியும், கிடைத்தவர்க்குக் கைப்பேசியும்தான். விபத்துக்குப் பின் ஊராரின் பேச்சு செய்தித் தொலைக்காட்சிகளில் ஒலித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்து, விசாரணைக் குழுவை அமைத்தது. ஆக, அவ்வூர்ப் பேச்சு செய்தியாகியது, சான்றாகியது. அது பாடமாக வேண்டும் என்னும் கோரிக்கையோடு இப்போது வலையொலியும் எண்ணிமக் கதைசொல்லலும் வகுப்பறை வாயிலில் நிற்கின்றன.

கோரிக்கை நியாயமானது. கருவியும் மலிவானது: ஒரு கைப்பேசி, ஓர் ஒலித்திருத்தச் செயலி, அமைதியான ஓர் அறை. ஆயினும் ‘மாணவர்க்குக் குரல் அளித்தல்’ என்னும் தொடரை அப்படியே இவ்வட்டாரத்துக்குப் பெயர்க்க இயலுமா என்பது ஆராயத்தக்கது. சிவகாசி வட்டாரப் பிள்ளைகளின் குரல் உலகுக்குக் கேட்காமல் போனது என்பது உண்மைக்குப் புறம்பானது. இந்தியாவில் வேறெந்தத் தொழில் வட்டாரத்துப் பிள்ளைகளையும் விட அதிகமாகப் படமெடுக்கப்பட்டவர்களும், அறிக்கைகளில் எழுதப்பட்டவர்களும் இவர்களே எனலாம்.

முன்மாதிரியின் ‘நான்’

எண்ணிமக் கதைசொல்லல் இன்று ஒரு பொதுச்சொல்லாகிவிட்டது. பாடத்தைப் படங்களோடு திரையில் காட்டினாலும் அப்பெயரே இடப்படுகிறது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட பயிற்சிமுறையாக உருப்பெற்றது 1990களில் கலிபோர்னியாவில். ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலியோர் நடத்திய பட்டறைகளில் பங்கேற்றோர் தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைத் தம் குரலிலேயே சொல்லி, ஒளிப்படங்களைக் கோத்து, இரண்டு மூன்று நிமிடக் குறும்படமாக்கினர். லாம்பர்ட் வகுத்த ஏழு கூறுகளுள் பார்வைக்கோணம், உணர்ச்சிச் செறிவு, சொல்பவரின் சொந்தக் குரல் ஆகியன முதன்மையானவை. கதை ‘நான்’ என்று தொடங்க வேண்டும். அந்த ‘நான்’ மெய்யாக இருக்க வேண்டும். அதில் ஒரு திருப்பமும் மனக்கசிவும் வேண்டும். இதுவே அதன் இலக்கணம்.

இவ்விலக்கணம் ஓர் உளவியல் நம்பிக்கையின் மீது நிற்கிறது. மறைத்ததைச் சொல்வது விடுதலை என்பதே அந்நம்பிக்கை. தன் கதையைச் சொல்வதால் வேலையோ, உறவோ, உரிமமோ பறிபோகாத ஒருவருக்கு அது பொருந்தும்.

தமிழ்க் கதைமரபு வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. ‘ஒரு ஊர்ல’ என்று பாட்டி தொடங்கும்போது எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கும் பிள்ளைக்குப் பல நேரம் அது தன் ஊரே என்று தெரியும். கதையில் வரும் கஞ்சன் எந்தத் தெருக்காரன் என்பதும் தெரியும். ஆனாலும் பெயர் சொல்லப்படுவதில்லை. கதைக்குள் வந்தவரைக் காக்கும் ஏற்பாடு அது. அகப்பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிப்பதையும் இதனோடு இணைத்து எண்ணலாம். பாட்டியின் கதைக்கும் அகப்பாடலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. உணர்வு முழுமையாக வெளிப்பட வேண்டுமாயின் ஆள் மறைய வேண்டும் என்னும் புரிதல் இருவேறு காலங்களில், இருவேறு தளங்களில் இம்மொழியில் செயற்பட்டுள்ளது என்பதே சுட்டத்தக்கது. எண்ணிமக் கதைசொல்லலின் கையேடுகளைத் தமிழாக்கும்போது இப்புரிதல் முதலிலேயே உதிர்ந்துவிடுகிறது.

பாடநூலில் கரிசல்

2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் ‘கூட்டாஞ்சோறு’ என்னும் இயலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ விரிவானப் பகுதியாக இடம்பெற்றது. மழைக்காகவே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகத் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டவரின் எழுத்து, மாநிலமெங்கும் பொதுத்தேர்வுப் பாடமானது ஓர் இனிய முரண். பகுதியோடு வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருளும் தரப்பட்டது. ‘வரத்துக்காரன்’ என்றால் புதியவன், ‘மகுளி’ என்றால் சோற்றுக்கஞ்சி, ‘தொலவட்டையில்’ என்றால் தொலைவில்.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள மாணவருக்கு இப்பொருள்விளக்கம் தேவை. சாத்தூர்ப் பக்கத்து மாணவருக்கோ, பள்ளியில் முதன்முதலாகத் தன் பாட்டியின் பேச்சு அடைப்புக்குறியோடு வந்து நிற்கிறது. ‘இது வட்டாரச் சொல்’ என்று அவருக்கே கற்பிக்கப்படுகிறது. தேர்வில் அதற்குப் ‘பொருள்’ எழுதி மதிப்பெண் பெற வேண்டும். கி.ரா. 1982இல் கரிசல் சொல்லகராதியை வெளியிட்டபோது செய்த காரியம் இதற்கு நேர் எதிரானது. ஊராரின் சொல்லுக்கு அகராதித் தகுதி உண்டு என்று அவர் வாதிட்டார். வகுப்பறையில் அவ்வாதம் தலைகீழாகி, அகராதிக்கு உரிய சொல்லாக ஊராரின் பேச்சு விலக்கி வைக்கப்படுகிறது.

ஒலிப்பதிவின் இடம் இங்கேதான் தெளிவாகிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அச்சடிக்கப்பட்ட துலங்கல் குறியீடுகளும் ‘இணையச் செயல்பாடுகள்’ பகுதிகளும் மாணவரை வெளியிலுள்ள ஒன்றை நோக்கி அனுப்பின. எதிர்த்திசையும் தேவை. மாணவர் ஊரிலிருந்து ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவரும் பாதை அது. ‘கற்பவை கற்றபின்’ பயிற்சிகளில் அதற்கான வாயில் ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஒரு முதியவரின் பேச்சில் ‘தொலவட்டை’ எப்படி ஒலிக்கிறது, எந்தச் சினத்தில் அல்லது எந்தச் சலிப்பில் வருகிறது என்பதை அச்சு தராது. ஒரு நிமிட ஒலிக்கோப்பு தரும்.

இதைவிடவும் வளமான பகுதி தொழிற்சொற்கள். ‘மருந்து’ என்றால் பிற வட்டாரத்தார்க்கு நோய் தீர்ப்பது. பட்டாசு வட்டாரத்தில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி முதலியன சேர்ந்த கலவையும் மருந்தே. மருந்து கலத்தல், மருந்து அடைத்தல், மணிமருந்து, திரி, கருந்திரி, சரம் பின்னுதல், போர்மேன் என ஒரு சொற்குடும்பம் அங்கே புழங்குகிறது. இவற்றுள் எது பொருளைக் குறிப்பது, எது வேலையைக் குறிப்பது, எது ஆபத்தின் அளவைக் குறிப்பது என்று பிரிப்பதே ஒரு சொல்லியல் பயிற்சி. ‘மருந்து’ என்னும் ஒரு சொல்லிலிருந்து தொடங்கி உராய்வு, வெப்பம், கூலி, உரிமம் என விரியும் உரையாடலை பாவ்லோ ஃப்ரெய்ரே ஆக்கமிகு சொல் என்றழைத்த முறைக்கு உள்ளூர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் எவருடைய சொந்தக் கதையும் வெளிப்பட வேண்டியதில்லை. வேலையை விட்டு நின்றுவிட்ட ஒரு பெரியவர் அரைமணி நேரம் சொற்களைப் பற்றிப் பேசினாலே போதுமானது.

ஆனால் நடைமுறையில் வகுப்பறை வலையொலி வேறொரு திசையில் நழுவுகிறது. மதிப்பீட்டுக்கு உட்பட்ட செயல்பாடு என்றவுடன் ‘தெளிவான உச்சரிப்பு’, ‘பிழையற்ற நடை’ என்னும் அளவுகோல்கள் வந்துவிடுகின்றன. மாணவர் எழுதி வைத்துப் படிக்கிறார். பின்னணியில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த புல்லாங்குழல் ஒலிக்கிறது. வானொலி அறிவிப்பாளரைப் போலவே தொடங்கி, அறிவிப்பாளரைப் போலவே விடைபெறுகிறார். கரிசல் வழக்கு இங்கேயும் நுழைவதில்லை. அச்சில் பெற்ற வணக்கத்தையும் இழந்து, ஒலியில் அது பிழையாகவே எண்ணப்படுகிறது. வால்டர் ஓங் 1982இல் இரண்டாம் நிலை வாய்மொழி என்று குறித்தது எழுத்தின் மீது நின்று பேசும் பேச்சை. தமிழ்ப் பள்ளி வலையொலி அதன் மிக இறுகிய வடிவமாக, வாய்விட்டுப் படிக்கப்பட்ட கட்டுரையாகவே பெரும்பாலும் அமைகிறது.

பதிவான முகங்கள்

இவ்வட்டாரத்துப் பிள்ளைகளைப் பதிவு செய்த முயற்சிகளுள் இரண்டை ஒப்பிடுவது பயன் தரும். ஒன்று, சலம் பென்னூர்கர் இயக்கி 1990இல் வெளிவந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம். மற்றது, எழுத்தாளர் பூமணி தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ என்னும் கதைப்படம். இரண்டும் தீப்பெட்டி, பட்டாசு வட்டாரத்துக் குழந்தை உழைப்பைப் பேசுபவை.

ஆவணப்படம் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு காட்டியது. விடியுமுன் எழுப்பப்பட்டு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளின் முகமும் கைகளும் பேச்சும் அதில் உள்ளன. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான இயக்கங்களுக்கு அத்தகைய பதிவுகள் வலுச் சேர்த்தன என்பதை மறுப்பது நேர்மையன்று. சிவகாசி ஆலைகள் தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அமர்த்தியவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. காண்பிக்காமல் இருந்திருந்தால் நாட்டின் கவனம் இவ்வளவு தூரம் வந்திராது.

ஆனால் அப்பிள்ளைகள் வளர்ந்தனர், படத்தில் வளரவில்லை. எந்த வயதில் எந்த நிலையில் படமெடுக்கப்பட்டனரோ அந்நிலையிலேயே அவர்கள் திரையிடப்படுகின்றனர். இது இயக்குநரின் குறையாகச் சொல்லப்படுவதன்று. ஆவணத்தின் இயல்பே அது. இணையம் இல்லாத காலத்தில் ஒரு படச்சுருளின் பயணத்துக்கு எல்லை இருந்தது என்பதை மட்டும் இன்றைய ஆசிரியர் நினைவில் கொள்ள வேண்டும்.

பூமணி கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர். அவர் கதையைத் தேர்ந்தார். வானம் பார்த்த பூமி, கடன், மகளை வேலைக்கு அனுப்பும் வீடு ஆகிய எல்லாம் அதில் உண்டு. எந்த வீடு என்பது மட்டும் இல்லை. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையும், அதிலிருந்து 2008இல் உருவான ‘பூ’ திரைப்படமும் இவ்வரிசையில் வைக்கத்தக்கவை. அங்கே தொழில் ஒரு பெண்ணின் அன்புக்கும் ஏமாற்றத்துக்கும் பின்னணியாகிறது; இரக்கத்துக்கான காட்சிப்பொருளாவதில்லை. கரிசல் எழுத்தாளர் கண்டெடுத்த இவ்வழி வகுப்பறைக்கு மிக அருகில் உள்ளது. மாணவர் தாம் அறிந்ததை ‘ஒரு ஊர்ல’ என்று தொடங்கிச் சொல்லலாம், மூன்று வீடுகளில் நடந்ததை ஒரே வீட்டில் நடந்ததாக்கலாம், ஆணைப் பெண்ணாக்கலாம். மெய்ம்மை குறைவதாக இதை எண்ணுவது ஆவணத்தை மட்டுமே உண்மையின் வடிவமாகக் கொள்ளும் பார்வை. இலக்கிய வகுப்பறை அப்பார்வைக்குப் பணிய வேண்டியதில்லை.

இசைவும் திரியும்

குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், 14 முதல் 18 வயது வரையிலானோரையும் வெடிபொருள் உள்ளிட்ட ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதைத் தடை செய்தது. உரிமமின்றி வீடுகளில் கருந்திரி செய்வதும் பட்டாசு அடைப்பதும் குற்றம். அவை தொடர்பான சோதனைகளும் கைதுகளும் இம்மாவட்டச் செய்திகளில் வழக்கமானவை. உரிமம் பெற்றவர் ஒருவர், ஆலையை நடத்துபவர் வேறொருவர் என்னும் உள்குத்தகை முறையும் விபத்துதோறும் பேசப்படுவது.

இச்சூழலில் ‘என் விடுமுறை நாள்கள்’ என்னும் எளிய தலைப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் மூன்று நிமிட ஒலிக்கதை கேட்கப்படுவதாகக் கொள்வோம். அவர் மெய்யாகவே ‘நான்’ என்று தொடங்கினால், அம்மாவுக்கு உதவியாகத் திரி கட்டியதைச் சொல்லக்கூடும். கதை நன்றாக இருக்கும். லாம்பர்ட்டின் ஏழு கூறுகளும் அதில் அமையும். அது ஒரு சான்றாவணமாகவும் இருக்கும். பெயரை நீக்கினால் போதும் என்பது நகரத்து எண்ணம். சிற்றூரில் பெயரை மறைக்கலாம். குரலை மறைக்க இயலாது. இரண்டு சொல் கேட்டால் இன்னார் மகள் என்று சொல்லிவிடுவார்கள்.

பெற்றோரின் கையொப்பம் பெற்றுவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றும் கொள்வதற்கில்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்தம் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் இசைவைக் கோருகிறது. சட்டத்தின் கருத்து நன்று. ஆனால் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தால் கையொப்பமிட மறுக்கும் பெற்றோர் எத்தனை பேர்? வாத்தியார் கேட்டால் போடுவது என்பதே வழக்கம். மறுக்க இயலாத இடத்தில் பெறப்படும் இசைவை இசைவு என்று அழைப்பதில் தயக்கம் வேண்டும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலிமையானது. இவ்வளவு தயங்கினால் யாருக்கு நன்மை? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பின்னர் அச்சங்குளம், இடையிலும் பின்னும் எத்தனையோ. பேசாமை ஆலையை நடத்துவோர்க்கும் கண்காணிக்கத் தவறியோர்க்கும் வசதியானது. விபத்து எண்ணிக்கையாகச் சுருங்கிக் கோப்பில் உறங்கும். எனவே பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது அவ்வாதம்.

பதிவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதைச் சொல்பவர் பதினான்கு வயதுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. வயது வந்த தொழிலாளர், தொழிற்சங்கத்தார், விபத்தில் உறவினரை இழந்து தாமே பேச முன்வருவோர் ஆகியோர் தம் சொல்லின் விளைவை எடைபோட வல்லவர்கள். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவர்களுக்குத் தெரியும். மாணவர் கேட்பவராக அமரலாம். பள்ளிப் பிள்ளையைச் சாட்சியாக்காமல் கேட்பவராக்கும் இம்மாற்றம் சிறிதாகத் தோன்றினும், பயிற்சியின் முழு அமைப்பையும் மாற்றவல்லது.

‘உம்’ கொட்டுவோர்

கதை கேட்பவர் ‘உம்’ கொட்ட வேண்டும் என்பது ஊரறிந்த விதி. ‘உம்’ நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று பாட்டி நிறுத்திவிடுவார். அல்லது கதையைப் பாதியில் திருப்பிச் சோதிப்பார். சொல்பவரின் வேகம், எங்கே விரிப்பது, எங்கே தாண்டுவது என்பன எல்லாம் அந்த ஓரசையால் ஆளப்படுகின்றன. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கி.ரா.வின் எழுத்தில் வாசகர் இடையறாது விளிக்கப்படுவதற்கும் இதுவே காரணம். எழுத்தில் இல்லாத ‘உம்’மை அவர் எதிர்பார்த்தே எழுதினார் எனலாம்.

ஒலித்திருத்தத்தில் முதலில் வெட்டப்படுவது இந்த ‘உம்’தான். கேட்பவரின் குரல் இடையூறாகக் கருதப்படுகிறது. தயக்கம், தொண்டைச் செருமல், பக்கத்தில் கோழி கூவுவது ஆகியனவும் நீக்கப்படுகின்றன. எஞ்சுவது தூய தனிமொழி. வலையொலியின் வணிக வடிவத்துக்கு அது தேவையாக இருக்கலாம். மொழி கற்பிக்கும் வகுப்பறைக்கு வெட்டப்பட்டதுதான் பாடம். பெரியவர் ஒரு சொல்லில் தயங்கிய இடத்தில் மாணவர் என்ன கேட்டார், கேட்காமல் காத்திருந்தாரா, தவறாகப் புரிந்துகொண்டு கேட்ட கேள்விக்கு எப்படிச் சிரித்தார் என்பவற்றைக் கொண்டே கேட்டல் திறனை மதிப்பிட முடியும். நான்கு மொழித்திறன்களுள் கேட்டலே தேர்வில் இடமின்றிப் போனது. மாணவரின் குரல்வளத்தை விடுத்து அவருடைய கேள்விகளுக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்வார்.

வெளியீடு பற்றியும் ஒன்று கூற வேண்டும். பதிவு செய்தவுடன் யூடியூபில் ஏற்றுவதே நிறைவு என்னும் எண்ணம் ஆசிரியரிடையே வேரூன்றியுள்ளது. பார்வை எண்ணிக்கை பள்ளியின் சாதனையாகிறது. ஒலிக்கோப்பு வகுப்பறைக்குள்ளேயே இருந்து, அடுத்த ஆண்டு மாணவர் கேட்டு, அதன்மேல் தாம் ஒன்றைச் சேர்த்து வளரும் உள்ளூர்த் தொகுப்பாக அமைவதில் குறையேதும் இல்லை. தொழிற்சொற்களும் கதைகளும் அவ்வாறு சேரலாம். பேசியவரும் ஊராரும் விரும்பினால் பின்னர் வெளிவரலாம். விபத்து நினைவுகள் அத்தொகுப்பில் சேர வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை தானாகப் பேசினால் பதிவை நிறுத்திவிட்டுக் கேட்பதே முறை.

கோப்பு எங்கே இருக்கும் என்னும் கேள்வி எஞ்சுகிறது. இன்று பெரும்பாலும் அது ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியிலும் புலனக் குழுவிலும் இருக்கிறது. பணிமாறுதலில் ஆசிரியர் வேறு மாவட்டம் செல்லும்போது ஊராரின் குரலும் அவரோடு சென்றுவிடுகிறது. குழுவில் பகிர்ந்தது எத்தனை கைகளுக்குச் சென்றது என்பதற்குக் கணக்கில்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் கணினி உண்டு. அதில் ஒரு கோப்புறை, பேசியவரின் இசைவைக் குறித்த ஒரு பதிவேடு, வேண்டாம் என்று பின்னர் சொன்னால் அழிக்கும் பொறுப்புடைய ஒருவர் ஆகிய மூன்றும் ஒலிவாங்கி வாங்குவதற்கு முன்பே அமைய வேண்டியவை. பதிவேட்டில் பேசியவரின் கையொப்பத்துக்கு அருகே, மாணவரே அவர் வீட்டுக்குச் சென்று பதிவை ஒருமுறை போட்டுக் காட்டிய நாளும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.